கடலோர வண்டிக்கு ரேடியோவும் ஆண்டெனாவும்: கேள்வி-பதில்

ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் என்று கரையோரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன். வேனை வாங்கி வீடு மாதிரி மாற்றுகிறவர்கள் இந்தப் பக்கம் கூடிவிட்டார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் முடிந்து, உள்கூரைப் பலகையும் அடித்த பிறகுதான் பலருக்கு ரேடியோ ஞாபகம் வருகிறது. அப்போது கேபிளை நுழைக்க இடுக்கு இருக்காது. பாடி கட்டும்போதே கேளுங்கள், வேலை பாதியாகும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சான், தன் கேரவனில் வைத்திருந்த சிரியஸ் எக்ஸ்எம் சாட்டிலைட் ரேடியோவையும் காந்த ஆண்டெனாவையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எங்கள் டிராவலர் வேனில் மாட்டலாமா? (தங்கச்சிமடம்)

மாட்டலாம், ஆனால் ஒரு சத்தமும் வராது. சிரியஸ் எக்ஸ்எம் வட அமெரிக்காவுக்கான சேவை, அதன் செயற்கைக்கோள்கள் அமெரிக்கக் கண்டத்துக்கு மேலே நிற்கின்றன. நம் ஊரிலிருந்து பார்த்தால் அவை தொடுவானத்துக்குக் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம். அந்த ரேடியோ கேட்பது 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் நாட்டில் அந்த இடம் 4ஜி செல்போனுக்குக் கொடுத்திருக்கிற 2300 - 2400 பட்டைக்குள் வருகிறது. எஃப்.எம்.முக்கும் அந்த ஆண்டெனா உதவாது.

மச்சான் ஊர் திரும்பியதும் மறுபடி மாட்டுவார் என்றால் அவருக்கு ஒரு வார்த்தை: ஆண்டெனா கூரையின் ஓரத்திலிருந்து ஒரு சாணாவது தள்ளி, ஏ.சி. பெட்டியின் நிழல் விழாத இடத்தில் இருக்க வேண்டும். ஃபைபர் கூரையில் காந்தம் பிடிக்காது, இரும்புத் தகடு ஒன்றை ஒட்டி அதன்மேல் வைக்க வேண்டும். கேபிள் நீளமாக இருக்கிறதே என்று வெட்டி ஒட்டக் கூடாது. ஆண்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போவதும் அதே கேபிளில்தான். மிச்சத்தைத் தளர்வாகச் சுருட்டிக் கட்டிவிடலாம்.

கேள்வி: பரணில் பழைய வேர்ல்ட்ஸ்பேஸ் செட் ஒன்று கிடக்கிறது. வேனில் வைத்தால் வேலை செய்யுமா? (பரமக்குடி)

செய்யாது. ஏஷியாஸ்டார் செயற்கைக்கோள் வழியாக வந்துகொண்டிருந்த அந்தச் சேவை 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் நின்றுவிட்டது. அதில் வந்த தமிழ் நிலையமான கே.எல். ரேடியோவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்னமும் ஆறாத விஷயம்தான். அதற்குப் பிறகு, காரில் போய்க்கொண்டே கேட்கிற மாதிரி சாட்டிலைட் ரேடியோ எதுவும் நமக்கு வரவில்லை. ஆகவே "சாட்டிலைட் ரேடியோ ஆண்டெனா" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். இந்தக் கரையில் வண்டிக்கு வேண்டியது, ஒழுங்காக எர்த் ஆன, உப்பு ஏறாத எஃப்.எம். ஆண்டெனா.

கேள்வி: எங்கள் கேரவன் கூரை முழுக்க ஃபைபர். விலை கூடிய ஆண்டெனாதான் வாங்கினேன். ஆனாலும் பழைய தகர வேனில் கேட்ட அளவுகூடக் கேட்கவில்லை. ஏன்? (மண்டபம்)

ஆண்டெனாவில் குறை இல்லை. வண்டியில் நிற்கும் கம்பி, ஆண்டெனாவில் பாதிதான். மீதிப் பாதி அதன் அடியில் இருக்கும் உலோகக் கூரை. எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி மேலே நிற்கிறது என்றால், கீழேயும் அதே அளவுக்கு உலோகம் பரவியிருக்க வேண்டும். ஃபைபர் கூரையில் அது இல்லை.

உள்கூரைப் பலகையைக் கழற்ற முடிந்தால், ஆண்டெனாவுக்கு நேர் கீழே அலுமினியத் தகடு ஒன்றை ஒட்டுங்கள். எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டடிச் சதுரத்துக்குக் குறைய வேண்டாம். தகடு போட இடம் இல்லையென்றால் 75 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு செம்புப் பட்டைகளைக் கூட்டல் குறி மாதிரி ஒட்டினாலும் போதும். எதைப் போட்டாலும் ஆண்டெனாவின் அடி நட்டு அந்த உலோகத்தைக் கடித்துப் பிடிக்க வேண்டும். நடுவில் பெயின்ட், பசை, ரப்பர் வாஷர் எது இருந்தாலும் தகடு சும்மா கிடக்கும்.

பலகையைத் தொட மனசில்லை என்றால் படகுக்கு விற்கிற எஃப்.எம். ஆண்டெனாவைக் கேட்டு வாங்குங்கள். ஃபைபர் படகுக்கும் இதே பிரச்சினை உண்டு. அதனால் அடியில் உலோகம் இல்லாமலே வேலை செய்கிற மாதிரி அதைச் செய்திருப்பார்கள். சுறாத் துடுப்பு மாதிரி இருக்கிற குட்டி ஆண்டெனா அழகாக இருக்கும். தூரத்து நிலையத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

ஓட்டை போடுவதாக இருந்தால், கூரையில் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் போடாதீர்கள். மேட்டில் போடுங்கள். புளித்த காடி வாடை அடிக்கிற சிலிக்கான் செம்பையும் துத்தநாக முலாமையும் அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேளுங்கள்.

கேள்வி: பகலில் ரேடியோ கரகரக்கிறது, பொழுது சாய்ந்தால் சரியாகிவிடுகிறது. வண்டியில் சோலார் இருக்கிறது. (சாயல்குடி)

கேள்வியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். நல்ல வெயிலில் இன்ஜினை நிறுத்திவிட்டு, சிக்னல் குறைவான நிலையம் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, கூரைமேல் ஏறி சோலார் தகட்டைக் கெட்டியான ஜமுக்காளத்தால் மூடுங்கள். கரகரப்பு அடங்கினால் குற்றவாளி, சோலார் தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர். அடங்கவில்லையா? எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிற ஊளைச் சத்தமாக இருந்தால் அது ஆல்டர்னேட்டர்.

கன்ட்ரோலர்தான் என்று தெரிந்தால் முதலில் வயரைக் கவனியுங்கள். தகட்டிலிருந்து வரும் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுவர வேண்டும். இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகப் போனால் அந்த வயர்களே இரைச்சல் பரப்பும் வளையம் ஆகிவிடும். பிறகு கன்ட்ரோலரை ஒட்டியே வயர்களில் ஃபெரைட், அதாவது இரைச்சலை அடக்குகிற வளையம், மாட்டுங்கள். வயர் மெல்லியதாக இருந்தால் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி மாட்டினால் பலன் கூடும். ஆண்டெனா கேபிள் இந்த வயர்களிலிருந்து ஒரு முழமாவது விலகிப் போகட்டும். ரேடியோவுக்கு பேட்டரியிலிருந்தே தனி வயர், ஃப்யூஸோடு. எர்த்தை பெயின்ட் சுரண்டிய பாடியில் முறுக்குங்கள். இவ்வளவும் செய்து போகவில்லை என்றால் கன்ட்ரோலரை மாற்றுவதுதான் வழி. தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் மாதிரி மத்திய அலை (மீடியம் வேவ்) கேட்கிறவர்களுக்கு இந்த இரைச்சல் இன்னும் மோசமாக இருக்கும்.

கேள்வி: அரிச்சல்முனையில் வண்டியை நிறுத்தினால் கடல் ஓசை எஃப்.எம். காணாமல் போய் சிங்களப் பாட்டு வருகிறது. ஆண்டெனா பழுதா? (ராமேஸ்வரம்)

பழுதில்லை, நன்றாக வேலை செய்கிறது. பாம்பனிலிருந்து 90.4-இல் வரும் கடல் ஓசை, 2016 ஆகஸ்ட் 15 முதல் மீனவர்களுக்காக நடக்கிற சமுதாய வானொலி. சமுதாய வானொலிக்கு நம் நாட்டில் அனுமதிக்கிற, ஆண்டெனாவிலிருந்து வெளியேறும் சக்தியே பொதுவாக 100 வாட்தான். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அது போதும். தனுஷ்கோடி முனை அதற்கும் அப்பால் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள். நடுவே மரமோ கட்டிடமோ இல்லை, வெறும் கடல். காற்று ஓய்ந்த நாளில் கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன் மேலே சூடான வறண்ட காற்றும் படிந்து நிற்கும். எஃப்.எம். அலை மேலே தப்பிப் போகாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து வளைந்து வெகுதூரம் வரும். அப்படிப்பட்ட நாளில் இலங்கையின் உட்பகுதி நிலையங்கள்கூட உள்ளூர் மாதிரிக் கேட்கும். கச்சான் காற்று பலமாக அடித்து எல்லாவற்றையும் கலக்கிவிட்டால் அந்த அடுக்கும் கலைந்துவிடும். அப்புறம் எஃப்.எம்.மின் சுபாவம் ஒன்று உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு வந்தால் பலமானது மற்றதை முழுசாக விழுங்கிவிடும். இரண்டும் கலந்து கேட்காது. அதனால்தான் உங்களுக்கு நிலையமே மாறிவிட்ட மாதிரி இருக்கிறது.

பெரிய ஆண்டெனா வைத்தால் இலங்கையும் சேர்ந்துதான் பலமாகும். கடல் எச்சரிக்கை கேட்க வேண்டும் என்றால் பாம்பன் பக்கம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். மற்றபடி, இலங்கை வானொலி கேட்டு வளராத வீடு இந்தக் கரையில் உண்டா என்ன? கேட்டுவிட்டுப் போங்கள். செல்போனும் அங்கே இலங்கை டவரைப் பிடிக்கும். டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள், பில் மிச்சம்.

கேள்வி: ஆண்டெனா போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சத்தம் தேய்ந்துகொண்டே வருகிறது. மெக்கானிக் செட்டை மாற்றச் சொல்கிறார். (ஏர்வாடி)

செட்டைத் தொடாதீர்கள். கூரையில் இருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால், நகத்தால் தட்டினால் மாவாக உதிர்ந்தால், வியாதி அங்கேதான். கேபிளின் மேல்தோலை ஒரு விரற்கடை சீவுங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் கம்பி வலை பளபளப்பாக இருந்தால் தப்பித்தீர்கள். கறுத்திருந்தால் இன்னும் ஒரு சாண் தள்ளிச் சீவிப் பாருங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் முழுக் கேபிளும் போச்சு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்த வலை உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். கனெக்டரை மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

புதுக் கேபிள் போடும்போது மூன்று காரியம். கனெக்டருக்குள், ஈரம் புகாமல் தடுக்கிற டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். மேலே, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்கிற முறையில் மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும். சாதாரண கறுப்பு டேப் வெயிலில் பசை உருகி ஒரு கோடைகூடத் தாங்காது. மூன்றாவது, கேபிள் வண்டிக்குள் நுழைகிற இடத்துக்கு முன்னால் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அலுமினியத்தின் மேல் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேராக முறுக்கினால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரிபடும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். எர்த் வேண்டிய இடத்தில் மட்டும் வாஷர் இல்லாமல் முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

கேள்வி: வண்டி நிற்கும்போது டி.டி. ஃப்ரீ டிஷ் பார்க்க ஆசை. டிஷ்ஷைக் கூரையிலேயே நிரந்தரமாக மாட்டிவிடலாமா? (கீழக்கரை)

வேண்டாம். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மூன்று டிகிரி அகலம்தான். வண்டிக்குள் யாராவது எழுந்து நடந்தாலே ஸ்பிரிங் அசைந்து படம் சிதறும். பாம்பன் பாலத்துக் காற்றில் அது படகுப் பாய் விரித்த மாதிரி. முக்காலி ஒன்று வாங்கித் தரையில் வையுங்கள்.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளில், 93.5 டிகிரி கிழக்கு. நம் கரையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி, காம்பஸில் 122 டிகிரி அளவில் இருக்கும். உயரம் 70 டிகிரி, கிட்டத்தட்ட உச்சி. அதனால் எதிரே வீடு இருந்தாலும் கவலை இல்லை, தலைக்கு மேல் தென்னை ஓலை இருந்தால்தான் வம்பு. காம்பஸை வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள், இரும்பு அதை ஏமாற்றும். டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்குகிற எல்.என்.பி.யை நேராக வைத்தால் சிக்னல் வராது. பக்கத்தில் இதே டிஷ் வைத்திருக்கிற வீட்டில் அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அதே சாய்வு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் போனால் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், மழை விட்டதும் தானாக வரும்.

இதே பெட்டியில் ஆகாஷ்வாணி வானொலி நிலையங்களும் வருகின்றன. முதல் கேள்விக்காரர் தேடிய சாட்டிலைட் ரேடியோ இதுதான், நின்ற இடத்தில் கேட்க வேண்டும், அவ்வளவே.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் மெசேஜ் கருவி வாங்கி வந்து வண்டியில் வைத்துக்கொள்ளலாமா? ஸ்டார்லிங்க் கிட்? (தொண்டி)

இரண்டும் வேண்டாம். இரிடியம், துராயா செயற்கைக்கோள்கள் வழியாகப் பேசுகிற, செய்தி அனுப்புகிற கருவிகளை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இந்தக் கரையில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து, மண்டபத்தில் கடலோரக் காவல்படை. விளையாட்டுக்கு வைத்திருந்தேன் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு இந்தியாவில் 2025-இல் உரிமம் கிடைத்தது, அதற்காக வெளியூர் கிட்டைக் கொண்டுவந்து போடலாம் என்று ஆகாது. ஜி.பி.எஸ். மாதிரி வாங்கிக்கொள்ள மட்டும் செய்கிற கருவிக்குத் தடை இல்லை. மீனவர்களுக்காக 2019-இல் வந்த ஜெமினி கருவியும் அந்த வகைதான். எச்சரிக்கை வரும், நாம் எதையும் அனுப்ப முடியாது.

கேள்வி: பாலத்தில் போகும்போது ஆண்டெனாக் கம்பி ஊளையிடுகிறது. குழந்தை பயப்படுகிறாள். (பாம்பன்)

வழுவழுப்பான கம்பியைக் காற்று கடக்கும்போது இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்வதால் வருகிற சத்தம் அது. வலை கடையில் கெட்டியான தூண்டில் நரம்பு வாங்கி, கம்பியில் கீழிருந்து நுனிவரை கொடி படர்கிற மாதிரி இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். அடியிலும் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. நரம்பு உலோகம் இல்லை என்பதால் ரேடியோவுக்கு ஒன்றும் ஆகாது.