கேள்வி பதில்: பழைய புரொஜெக்டர் லென்ஸைக் கழற்றலாமா?

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஒரு 35 எம்.எம். சினிமா புரொஜெக்டர் லென்ஸ் கிடைச்சுதுங்க. உள்ளே வெள்ளையாப் படர்ந்திருக்கு. ரிங் அசையவே மாட்டேங்குது. கழற்றிச் சுத்தம் பண்ணலாமுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கழற்றும் முன் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக உள்ளே அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை பிரிந்திருந்தால் பூசணம். சீரான மங்கலாக இருந்தால் புரொஜெக்டரின் எண்ணெய் ஆவி படிந்தது. இரண்டும் பெரும்பாலும் போகும். ஓரத்திலிருந்து வானவில் நிறத்திலோ மஞ்சள் இலை வடிவிலோ உள்ளே பரவியிருந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய கனடா பால்சம் பிசின் விட்டுப்போயிருக்கிறது. அது துடைத்துப் போகாது; அந்த லென்ஸைத் திறக்காமலே வையுங்கள்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரிங்கைத் திருப்ப, அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரின் முனையை மாட்டுவது பலருக்கும் வழக்கம். வழுக்கினால் கண்ணாடியில் கோடு விழும். கோவைப் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை; ரிங்கின் இரு காடிகளில் சரியாக உட்காரும் ஸ்பேனர் ஒன்றைக் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். இறுகிய ரிங்குக்கு எண்ணெய் விடாதீர்கள், அது கசிந்து கண்ணாடிக்குப் போய்விடும். மரையில் ஊசி முனையால் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அசையாவிட்டால் ஹேர் டிரையரால் குழலை மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டு முயலுங்கள். நெருப்பு கூடாது, பிசின் இளகிவிடும். குழலை வைஸில் இறுக்கவும் கூடாது. குழல் முட்டை வடிவமாக நசுங்கினால் மரை இன்னும் பிடித்துக்கொள்ளும்.

ரிங் வந்ததும் கண்ணாடியை விரலால் தள்ளாதீர்கள். குழலைத் துணிமேல் கவிழ்த்து, மரப்பிடியால் லேசாகத் தட்டினால் தானே இறங்கும். சாய்ந்து சிக்கினால், ஏறி நிற்கும் பக்கத்தை மெல்ல அழுத்தி முதலில் நேராக்குங்கள். ஒவ்வொரு கண்ணாடியின் சொரசொரப்பான ஓரத்திலும் திரையை நோக்கிய அம்புக்குறியைப் பென்சிலால் போடுங்கள். இடையில் வரும் ஸ்பேசர் ரிங்குகளையும் வந்த வரிசையிலேயே அடுக்கி, போட்டோ எடுத்துவிடுங்கள். பிற்பாடு வரும் தொல்லையில் பாதி இங்கே சோம்பல்பட்டதால் வருவதுதான்.

முதலில் ரப்பர் பல்பால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தனிக் கண்ணாடியை ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த பேட்டரி தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர்; ஆசிட் அல்ல) கழுவி, வெறும் பேட்டரி தண்ணீரில் அலசுங்கள். போர் தண்ணீர் உலர்ந்தால் உப்புப் புள்ளி நிற்கும். (சிறுவாணித் தண்ணீர் குடிக்கத்தான் ருசி, இதற்கு வேண்டாம்.) ஒட்டிய ஜோடியை முக்கவே கூடாது. பஞ்சில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து, நடுவிலிருந்து வெளியே சுற்றியபடி துடையுங்கள். ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. அசிட்டோன் வேண்டாம், ஓரத்துக் கறுப்பு வண்ணத்தையும் பிசினையும் அது தின்னும்.

பூசணத்துக்கு: மருந்துக்கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைத்தால் அதே அளவு பேட்டரி தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கி, 5 மில்லிக்கு 5 மில்லி வீட்டு உபயோக அம்மோனியா கலந்து, காற்றோட்டமான இடத்தில் உடனே பயன்படுத்துங்கள். மிச்சத்தை மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில்கூட வேண்டாம். கண்ணாடியில் ஊதா அல்லது நீலப் பிரதிபலிப்பு தெரிந்தால் அதற்குப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டு. பழைய லென்ஸ்களில், குறிப்பாக உட்புறத்தில், பூச்சு மென்மையாக இருக்கும், அழுத்தினால் உரிந்துவிடும். பூசணத்தின் அமிலம் கண்ணாடியை ஏற்கெனவே அரித்திருந்தால் தடம் போகாது. அதைப் பற்பசையால் தேய்த்துப் போக்கப் பார்ப்பது லென்ஸைக் கொல்லும் வேலை.

கேள்வி: சுத்தம் செய்து மாட்டியபின் படத்தின் ஓரம் மங்குகிறது. ஏன்?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: எந்த ஓரம் என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கழற்றி மறுபடி இறக்குங்கள். நான்கு மூலையும் சமமாகக் கொஞ்சம் மங்கினால், அது 1840-இல் வந்த பெட்ஸ்வால் என்ற லென்ஸ் அமைப்பின் இயல்பாகவும் இருக்கலாம்: அதன் குவியத்தளம் (படம் தெளிவாக விழும் தளம்) வளைந்தது. ஆனால் முன்பைவிட மோசம் என்றால் கண்ணாடி தலைகீழாகவோ ஸ்பேசர் இடம் மாறியோ இருக்கும். பெட்ஸ்வாலில் திரைப்பக்கம் ஒட்டிய ஜோடி. அதில் அதிகம் குவிந்த முகம் திரையை நோக்கும். ரிங்கையும் கண்ணாடி ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மேலும் திருப்பினால் ஓரம் தெறிக்கும்.

கேள்வி: பனியன் வேஸ்ட்டால் துடைக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: குழலின் வெளிப்புறத்துக்குத் தாராளமாக. கண்ணாடிக்கு வேண்டாம், அதில் நூல்தூசி மட்டுமில்லாமல் மணலும் இருக்கும்.

கேள்வி: மறுபடி பூசணம் வராமல் எப்படி வைப்பது?
– வாசகர், ஆனைமலை

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் தொடங்கி ஈரத்தோடு வரும் ஊர் உங்களுடையது. தோல் உறையில் வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுக்கும். இறுக மூடும் டப்பாவில் 50 கிராம் நீல சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அது இளஞ்சிவப்பானதும் 120 டிகிரி செல்சியஸில், நீலம் திரும்பும்வரை ஓவனில் உலர்த்திக்கொள்ளலாம். சமையலுக்குப் புழங்கும் ஓவன் வேண்டாம். அந்த நீலம் நச்சுள்ள கோபால்ட் உப்பு.