சட்டைப் பை எந்தப் பக்கம்?

போன இதழ்ல, "உங்க படத்தைப் பாத்து யாராவது சொன்னதுல மறக்க முடியாதது எது"ன்னு கேட்டிருந்தேன். வந்த கடுதாசி, மெயில் எல்லாத்துலயும் படத்தை விட மனஸ்தாபம்தான் அதிகமா இருக்கு. சரி, இந்த மாசம் லென்ஸ், பாடி, ட்ரைபாட் கேள்வி எதுவும் கிடையாது, இதை மட்டும் பேசுவோம்.

கேள்வி: அண்ணே, நாங்க எட்டு பேர் ஞாயித்துக்கிழமை விடியக்காலைல கேமராவோ போனோ கைல இருக்கிறதைத் தூக்கிட்டுக் கெளம்பிருவோம். காரங்காடு, திருப்பாலைக்குடின்னு சுத்திட்டு டீக்கடைல உக்காந்து படத்தை மாத்தி மாத்திப் பாப்போம். என் படத்துக்கு எப்பவும் "செம", "வேற லெவல்", அவ்வளவுதான். ஒரு வருஷமா படம் அதே எடத்துல நிக்குதுன்னு எனக்கே தெரியுது. இவங்களை உண்மையைச் சொல்ல வைக்கிறது எப்படி? - ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: தப்பு அவங்க மேல இல்ல தம்பி, நீங்க கேக்குற விதத்துல. "எப்படி இருக்கு"ன்னு கேட்டா "நல்லாருக்கு"ன்னுதான் வரும், விருந்துக்கு வந்தவங்ககிட்ட சாம்பார் எப்படின்னு கேட்ட கதைதான். அடுத்த வாரம் இப்படிப் பண்ணிப் பாருங்க. ஒரே ஒரு படம் காட்டுங்க, எட்டு காட்டாதீங்க. கைல குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு அரை நிமிசம் சும்மா இருங்க, அது எவ்வளவு கஷ்டம்னு அப்பத் தெரியும். அப்புறம் "மொதல்ல கண்ணு எங்க போச்சு, அடுத்து எங்க போச்சு"ன்னு மட்டும் கேளுங்க. நல்லாருக்கா இல்லையான்னு கேக்கவே கூடாது.

உங்க ஊர்லயே நடந்தது ஒன்னு சொல்றேன். நவபாஷாணத்துல விடியக்காலம், கடலுக்குள்ள நவக்கிரகமா நிக்கிற ஒன்பது கல்லு, ஒரு ஆத்தா ஈரச்சேலையோட சுத்தி வர்றாங்க, எடுத்தவருக்கு அந்த ஆத்தா முகம்தான் படம். நாங்க அஞ்சு பேர் பாத்தோம், அதுல மூணு பேர் "மொதல்ல அந்த மஞ்சக் கவரு"ன்னு சொன்னோம். இடது மூலைல ஒரு பிளாஸ்டிக் கவர் மெதந்துகிட்டு இருந்திருக்கு, எடுத்தவர் அதை அதுவரைக்கும் பாக்கவே இல்ல. யாரும் படம் மோசம்னு சொல்லலை, அவரும் சண்டைக்கு வரலை, ரெண்டு எட்டு தள்ளி நின்னிருந்தா போதும்னு அவரே சொல்லிக்கிட்டாரு.

எதுக்காக எடுத்தீங்கன்னு மொதல்லயே சொல்லிராதீங்க. "தனிமையைக் காட்ட எடுத்தேன்"னு ஆரம்பிச்சா எட்டு பேருக்கும் தனிமை தெரிஞ்சிரும், தெரியலைன்னாலும் தெரிஞ்ச மாதிரி தலையாட்டுவாங்க. அவங்க பேசி முடிக்கட்டும், அப்புறம் சொல்லுங்க. அவங்க பாத்ததுக்கும் நீங்க நெனச்சதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குதோ அவ்வளவுதான் உங்களுக்கு வேலை. இன்னொன்னு, வீட்ல இருந்து படம் அனுப்பிக் கருத்துக் கேட்டா வாட்ஸப்புல டாக்குமென்ட்டா அனுப்புங்க. சும்மா அனுப்பினா அது படத்தைச் சுருக்கிரும், கடைசில அது பண்ணின வேலைக்கு "ஷார்ப்பா இல்லையே"ன்னு நீங்க பேச்சு வாங்குவீங்க.

கேள்வி: எங்க குழுவுல ஒரு சீனியர் காக்கா (எங்க ஊர்ல அண்ணனைக் காக்கான்னுதான் சொல்லுவோம்) இருக்காங்க. நான் எந்தப் படத்தைக் காட்டினாலும் எல்லார் முன்னாடியும் "ஹாரிசான் சாயுது, ஓவர் எக்ஸ்போஸ்" அப்படின்னு ரெண்டே வார்த்தைதான். வாலிநோக்கம் உப்பளத்துல எடுத்த படத்துக்கும் அதே. ஒரு மாசமா கேமராவைத் தொடவே மனசு வரலை. - ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: தங்கச்சி, நீங்க அனுப்பின படம் ரெண்டும் பாத்தேன். அதனால ஒன்னொன்னா பிரிச்சுச் சொல்றேன், அவர் சொன்ன விதம் ஒரு பக்கம் இருக்கட்டும், சொன்ன விசயத்தை மட்டும் மொதல்ல பாப்போம்.

ஹாரிசான், அதாவது கடலும் வானமும் சேர்ற கோடு. மொத படத்துல சாயுது, அவர் சொன்னது சரி. கடல் இருக்கே, அது அடிஸ்கேல் மாதிரி, ஒரு டிகிரி சாஞ்சாலும் தண்ணி ஒரு பக்கமா வழியுற மாதிரித் தெரியும், அதுவும் நம்ம ஆளுங்க பொறந்ததுல இருந்து கடலைப் பாத்தவங்க, உடனே கண்ணுல படும். கேமரா ஸ்கிரீன்ல கட்டம் கட்டமாக் கோடு காட்டுற கிரிட் லைன் போட்டுக்கோங்க, எடிட்ல நேர் பண்றதும் பத்து செகண்ட் வேலை. ஆனா ரெண்டாவது படத்துல சாயலை. அதுல தெரியுறது வளைஞ்சு தூரத்துக்குப் போற கரை, கரை சரிவாத்தான் தெரியும், அது ஹாரிசான் இல்ல. இதுல அவர் அவசரப்பட்டுட்டாரு.

ஓவர் எக்ஸ்போஸ், அதாவது வெளிச்சம் கூடிப் போச்சுங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். உப்பளத்துல கேமராவை அது இஷ்டத்துக்கு விட்டா உப்பு சாம்பலாத்தான் வரும், ஏன்னா அதுக்குள்ள வெளிச்சத்தை அளக்குற மீட்டர் எதைப் பாத்தாலும் நடுத்தர சாம்பல் கலருக்குத்தான் இழுத்துட்டு வரும், வெள்ளைன்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. நீங்க வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கா, ஏத்தி எடுத்திருக்கீங்க, உப்பு உப்பு மாதிரி இருக்கு. நெசமாவே வெள்ளை வெந்து போச்சான்னு தெரியணும்னா யார்கிட்டயும் கேக்க வேணாம், இருட்டு இடது பக்கம், வெளிச்சம் வலது பக்கம்னு கேமரா காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்க, வலது ஓரத்துச் சுவர்ல போய் குமிஞ்சு நிக்குதான்னு. ஹைலைட் வார்னிங் போட்டா வெளுத்துப் போன எடம் ஸ்கிரீன்ல கண்ணு சிமிட்டும். உங்க படத்துல சூரியன் பட்டு மின்னுற நாலு பொட்டு மட்டும்தான் போயிருக்கு, அது போகத்தான் செய்யும். வெயில்ல போன் ஸ்கிரீனை முழு வெளிச்சத்துல வச்சுப் பாத்தா எந்தப் படமும் வெளுத்துத்தான் தெரியும், அவர் அப்படிப் பாத்திருக்கவும் வாய்ப்பு இருக்கு.

அடுத்த தடவை அவர் அதையே சொன்னா கோவப்படாம "எந்த எடத்துல காக்கா, விரலை வச்சுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. விரல் வைக்க எடம் இருந்தா அது கருத்து, வாங்கிக்கோங்க. இல்லைன்னா அது பழக்க தோசம். எல்லார் முன்னாடியும் வேணாம், தனியாச் சொல்லுங்கன்னும் ஒரு வார்த்தை சொல்லிருங்க, அதுல ஒன்னும் மரியாதைக் குறைவு இல்ல.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, ஒரு காலத்துல அந்தக் காக்கா நான்தான். ஸ்டூடியோ வச்சிருந்த திமிர்ல வர்ற பசங்க படத்தையெல்லாம் இப்படித்தான் ரெண்டு வார்த்தைல வெட்டி விட்டுட்டு இருந்தேன். ஒரு பையன் கொஞ்ச நாள்ல கேமராவை வித்துட்டான். நான் சொன்னதுனாலயான்னு அவன்கிட்ட கேக்க இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தைரியம் வரலை. நீங்க கேமராவை எடுங்க.

கேள்வி: என் சிநேகிதன் புதுசா பெரிய ஜூம் லென்ஸ் வாங்கிட்டு தனுஷ்கோடில பூநாரை எடுக்குறான். நேத்து அறுபது படம் காட்டினான், ஒன்னுகூட தேறலை, எல்லாம் கொழகொழன்னு இருக்கு. மனசு நோகாம எப்படிச் சொல்றது? - ஒரு வாசகர், மண்டபம்

பதில்: மொதல்ல அவருக்குக் கருத்து வேணுமா, இல்ல வாங்கின லென்ஸை ரசிக்க ஆள் வேணுமான்னு பாருங்க. ரெண்டாவதுன்னா டீ வாங்கிக் குடுத்து ரசிச்சிட்டு வந்துருங்க, அதுவும் சிநேகிதம்தான். கருத்துதான் வேணும்னா, "அறுபதுல உனக்குப் புடிச்ச மூணை எடு"ன்னு அவர்கிட்டயே வேலையக் குடுங்க. பாதிப் பாடம் அதுலயே முடிஞ்சிரும்.

அப்புறம் "கொழகொழ"ன்னு சொல்றதுக்கு முன்னாடி எப்ப எடுத்ததுன்னு கேளுங்க. கோதண்டராமர் கோயில் பக்கம் அந்தத் தண்ணில காலைல ஏழு மணிக்கு எடுத்தா ஒரு மாதிரி, பத்து மணிக்கு எடுத்தா வேற மாதிரி. வெயில் ஏறினா மணல் சுட்டு காத்து நெளிய ஆரம்பிச்சிரும், தூரத்துல நிக்கிற பறவை தண்ணிக்கு அடில தெரியுற மாதிரி ஆடும். எத்தனை லட்ச ரூபா லென்ஸ் போட்டாலும் அது சரியாகாது. "உனக்கு போகஸ் வரலை"ன்னு சொன்னா நொந்துருவாரு, "நாளைக்கு விடியுறதுக்குள்ள போவோமா, நானும் வர்றேன்"னு சொன்னா கெளம்பிருவாரு.

பூநாரை மொத்தமா எந்திரிச்சுப் பறக்குற படம் ஒன்னு அதுல இருந்தா, எப்படிப் பறந்துச்சுன்னும் கேளுங்க. கல்லெறிஞ்சோ கிட்டப் போயி வெரட்டியோ எடுத்ததா இருந்தா அந்த ஒரு விசயத்துல மட்டும் மனசு நோகுமேன்னு பாக்காதீங்க. அவ்வளவு தூரம் பறந்து வந்து எறங்கிறதே திங்கத்தான், சும்மா சும்மா எழுப்பி விட்டா அது தின்னது அதுலயே போயிரும். 2025ல அரசாங்கம் அந்த எடத்தைப் பூநாரை சரணாலயமாவே அறிவிச்சாச்சு.

கேள்வி: வெளியூர்ல இருந்து வர்றாங்க, எங்க அப்பா வலை பின்றதை எடுக்குறாங்க, பரிசு வாங்குறாங்க. அந்தப் படத்தைப் பத்தி ஊர் பூரா பேசுவாங்க, எங்க அப்பாகிட்ட மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேக்குறதில்ல. எங்களுக்கெல்லாம் கருத்து இருக்காதா? - பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: இருக்கு. அதுக்கு நானே சாட்சி.

தனுஷ்கோடில கரைவலை, அதான் கரைல நின்னு கயித்தால இழுக்கிற வலை, அதை இழுக்கிற ஒரு பெரியவரை எடுத்தேன். கயித்தைத் தோள்ல போட்டு அப்படியே பின்னால சாஞ்சு இழுக்கிறாரு, பின்னாடி அலை. நல்ல படம், இப்பவும் சொல்லுவேன். ஆனா அவர் வலதுல இருந்து இடது பக்கமாப் பாத்து நின்னாரு. நாம படிக்கிறது இடதுல இருந்து வலது, அப்படி இருந்தா கண்ணு வழுக்கிட்டுப் போகும்னு நெனச்சு கம்ப்யூட்டர்ல படத்தைத் திருப்பிப் போட்டுட்டேன். எங்க ஆளுங்க எல்லாருக்கும் காட்டினேன், கயிறு கோடு மாதிரி கண்ணை இழுக்குதுன்னாங்க, ஒளி அருமைன்னாங்க, ஒருத்தர் கயித்துப் பிரி பிரியாத் தெரியுதுன்னு பாராட்டினாரு. சந்தோசமாப் பெருசா ஒரு பிரின்ட் போட்டு, ஆறு மாசம் கழிச்சு அவர்கிட்டயே கொண்டுபோய்க் குடுத்தேன்.

வாங்கிப் பாத்தாரு. படத்தைப் பாத்தாரு, குனிஞ்சு தன் நெஞ்சைப் பாத்தாரு, மறுபடி படத்தைப் பாத்தாரு.

"தம்பி, எனக்கு எப்படிய்யா சட்டைப் பை சோத்தாங்கைப் பக்கம் வந்துச்சு?"

பீடிக்கட்டு தெரியுது படத்துல, வலது நெஞ்சுல. பக்கத்துல இருந்தவரு எட்டிப் பாத்துட்டு, "பை மட்டுமா, ஆண் கடலைத் தூக்கிப் பெண் கடல் பக்கம்ல வச்சிருக்காப்ல"ன்னு சிரிச்சாரு. தனுஷ்கோடி கடைசி முனை அரிச்சல்முனையைப் பாத்து நின்னா மன்னார் வளைகுடா வலது கைப்பக்கம், அது ஆண் கடல், பாக் ஜலசந்திப் பக்கம் அலை இல்லாம கெடக்குறது பெண் கடல். என் படத்துல அலை அடிக்கிற கடல் இடது பக்கம். இத்தனை பேர் பாத்து ஒருத்தருக்கும் தெரியாதது அவருக்கு அரை நிமிசத்துல தெரிஞ்சிருச்சு. அந்தப் பிரின்ட்டை நான் திருப்பி வாங்கிட்டு வந்து, நேராப் போட்டு வேற குடுத்தேன்.

அதுல இருந்து ஆளு இருக்கிற படம்னா மொதல்ல அந்த ஆளுகிட்டதான் காட்டுறது. படத்துல எது எங்க இருக்கணும்ங்கிற கம்போசிசன் சொல்ல மாட்டாங்க, ஆனா "இது இழுக்கிறது இல்ல, வலை விடுறது", "இது எங்க ஊர் வத்தை (நாட்டுப்படகு) இல்லயே"ன்னு சொல்லுவாங்க. மே மாசம் கரைல கட்டிக் கெடக்குற விசைப்படகை எடுத்து "கடலுக்குப் புறப்படும் காலை"ன்னு தலைப்பு வச்ச ஒருத்தரை எனக்குத் தெரியும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எங்கிட்டுப் போகும் அது? படகுத்துறைல நிக்கிற சின்னப்பையன்கிட்ட கேட்டிருந்தாக்கூட சொல்லியிருப்பான்.

உங்க அப்பாவைப் படம் எடுத்துட்டுப் போறவங்ககிட்ட ஒரு பிரின்ட் கேளுங்க, கூச்சமே வேணாம், சின்ன சைஸ் பிரின்ட் டீ வடை காசுதான். வந்ததும் அப்பா என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதிப் போடுங்க, அடுத்த இதழ்ல அதைத்தான் மொதல்ல போடுவேன்.

கேள்வி: போட்டிக்கு அனுப்பின படத்துக்கு மார்க் கம்மியா வந்திருக்கு, காரணம் எதுவும் போடலை. என்ன அர்த்தம்? - ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: மார்க்குன்னு அர்த்தம். நடுவர் ஒரு படத்தைப் பாக்குறது சில செகண்டுதான், அதுக்குப் பின்னாடி விளக்கம் தேடாதீங்க. ஆனா எந்தப் பிரிவுக்கு அனுப்பினீங்கன்னு மட்டும் விதியைத் திருப்பிப் பாருங்க, நேச்சர் பிரிவுல ஓரத்தை வெட்டுறதுக்கு விடுவாங்க, படத்துக்குள்ள இருக்கிற குச்சியையோ கம்பியையோ எடிட்ல அழிச்சா விட மாட்டாங்க. அதுல மாட்டியிருந்தா உங்க படத்தைப் பத்தி அந்த மார்க் ஒன்னுமே சொல்லலை.

கேள்வி: மூணு மாசமா யார் பாத்தாலும் "படம் மங்கலா இருக்கு, கான்ட்ராஸ்ட் இல்ல"ங்கிறாங்க. எடிட் எவ்வளவோ மாத்திப் பாத்துட்டேன். என் ரசனையே தப்பா அண்ணே? - ஒரு வாசகி, ராமேஸ்வரம்

பதில்: அஞ்சு பேர் அஞ்சு விதமாச் சொன்னா அது ரசனை, அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொன்னா வேற எதுவோ இருக்குதுன்னு அர்த்தம். ஓலைக்குடாப் பக்கம் சாயங்காலம் எடுக்குறேன்னு எழுதியிருக்கீங்க, சோழகக் காத்து, அதான் தெற்கத்திக் காத்து, அடிக்கிற மாசம் வேற. லென்ஸைக் கழட்டி ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிச்சு முன் கண்ணாடியப் பாருங்க, பால் ஆடை மாதிரி உப்புப் படிஞ்சிருக்கும். முந்தானையால தொடச்சிராதீங்க, மணல் இருந்தா கீறிரும். மொதல்ல புளோயர்ல, அதான் அமுக்கினா காத்தடிக்கிற ரப்பர் பல்புல, ஊதுங்க, அப்புறம் லென்ஸ் துணியை லேசா ஈரமாக்கி நடுவுல இருந்து வெளிப்பக்கமா சுத்தித் தொடைங்க, அப்புறம் காஞ்ச துணி. பில்டர் போட்டிருந்தா அதோட ரெண்டு பக்கமும். தொடச்சிட்டு அதே எடத்துல, அதே நேரத்துல ஒன்னு எடுத்து, பழசையும் புதுசையும் சேத்து அனுப்புங்க.