கீழிருந்து மேலே வந்த ஃபைகஸ்: வாசகர் கேள்விகள்

நவம்பரில் கோவை நர்சரியில் இடுப்பளவு ஃபைகஸ் பெஞ்சமினா வாங்கி வந்தோம். இரண்டே வாரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. செத்துவிட்டதா?
– வாசகி, ஊட்டி

கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த வெப்பநாட்டு மரம் இது. வெளிச்சமோ குளிரோ சட்டென்று மாறினால் இலையை உதிர்த்துவிடும். கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. ஒரே பகலில் அதை அவ்வளவு உயரம் ஏற்றிவிட்டீர்கள்.

எனக்குக் கவலையெல்லாம் அந்தத் தினசரித் தண்ணீரைப் பற்றித்தான். இலை குறைந்த மரம் தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகிவிட்டால் அப்புறம் காப்பாற்றுவது கடினம். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் சில்லென்ற தண்ணீராக வேண்டாம். நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலிலிருந்து 2 அடி தள்ளி வையுங்கள். இரவில் திரையை இழுத்துவிடுங்கள். ஹீட்டர் பக்கத்திலும் வேண்டாம். பதறிப்போய் தினம் ஒரு மூலைக்கு மாற்றாதீர்கள். தளிர் வரும்வரை உரமும் போடாதீர்கள். வெயில் ஏறும் மார்ச், ஏப்ரல் வரை பொறுமையாக இருங்கள்.

ஃபைகஸை வாசலில் மண்ணிலேயே நடலாமா?
– வாசகர், தலைக்குந்தா

வேண்டாம். வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே இதற்குத் தாங்காது. உங்கள் பக்கம் உறைபனியே விழுகிறது. பூங்காவில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடுவார்களே, அது சின்னச் செடிகளுக்குச் சரி; வளர்ந்த மரத்தை அப்படி மூட முடியாது. கூடலூர் போலத் தாழ்ந்த ஊரில் தாராளமாக நடலாம். அங்கேயும் சுவர், தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க் எல்லாவற்றையும் விட்டு நன்றாகத் தள்ளி நடுங்கள். ஆலமரத்தின் வேர்க்குணம் இதற்கும் உண்டு.

ஃபைகஸ் இலையெல்லாம் பிசுபிசுப்பு, மேலே கரி பூசியதுபோல் கறுப்பு. எறும்பும் ஏறுகிறது.
– வாசகி, குன்னூர்

செதில் பூச்சி. இலையடி நரம்பிலும் தண்டிலும் பழுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீர்தான் பிசுபிசுப்பு. அதன்மேல் படர்வது கரும்பூசணம். பூச்சி போனால் பூசணமும் நின்றுவிடும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று, நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

ரப்பர் செடி கூரையைத் தொட்டுவிட்டது. வெட்ட மனமில்லை.
– வாசகர், கொடைக்கானல்

வெட்டும் முன்பே நுனியை வேர்விட வைக்கலாம். ரப்பர் செடியும் ஃபைகஸ் இனம்தான். மேகாலயாவில் உயிருள்ள வேர்ப்பாலம் அமைப்பது இந்த மரத்தின் வேரால்தான். தண்டிலிருந்து வேர்விடுவது இதன் இயல்பு. ஏப்ரலில், நுனியிலிருந்து ஓரடி கீழே, ஓரங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரியுங்கள். வடியும் பாலைத் துடைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவை வைத்துப் பாலிதீன் தாளால் இறுகக் கட்டுங்கள். நார்க்கழிவுக்குப் பதிலாகப் பாசி வைப்பவர்களும் உண்டு; அந்தப் பாசிக்காகச் சோலைக்காட்டுப் பக்கம் போய்விடாதீர்கள், அந்த ஈரம் காட்டுக்கே வேண்டும். நம் குளிரில் வேர் நிறைய இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். பிறகு அதற்குக் கீழே வெட்டித் தொட்டியில் நடுங்கள். தாய்ச்செடியும் பக்கக்கிளை விடும். அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பூனை இருந்தால் வேறு அறையில் விடுங்கள்.