மூட்டுவலி ஊசிக்கு முன்னால் டி.பி. டெஸ்ட் எதற்கு? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போதவில்லை என்று அடாலிமுமாப் ஊசி எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் டி.பி. கோல்ட் டெஸ்ட்டும் (காசநோய்க் கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுத்தே ஆகவேண்டுமாம். எனக்கு இருமலே கிடையாதே? (வாசகி, சேலம்)

பதில்: இருமல் வரும் முன்பே பிடிக்கத்தான் இந்த டெஸ்ட். காசநோய்க் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோருக்குக் கடைசிவரை வராது. கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களைச் சுற்றி, இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்களான டி-செல்கள் கூடி, கடுகளவு முடிச்சாக இறுகிவிடும். கிரானுலோமா என்று பெயர். அதற்குள் கிருமி முழுவதும் சாகாமல் அடங்கிக் கிடக்கலாம்.

கட்டி முடித்ததும் தானாக நிற்கும் மதில்சுவர் என்று இந்த முடிச்சை நினைத்துவிடாதீர்கள். செல்கள் ஒன்றுக்கொன்று சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால்தான் அது குலையாமல் இருக்கும். டி-செல் விடும் காமா இன்டர்ஃபெரான், விழுங்கிய கிருமியைக் கொல்லும்படி மேக்ரோஃபேஜை முடுக்கும். மேக்ரோஃபேஜ் விடும் டி.என்.எஃப்., மேலும் செல்களை அங்கே வரவழைத்து முடிச்சைக் காக்கும். உங்கள் மூட்டை வீங்க வைப்பதும் அதே டி.என்.எஃப்.தான். அதை அடக்கத்தான் இந்த ஊசி. ஊசிக்கு மூட்டு வேறு, நுரையீரல் வேறு என்று தெரியாது. உடம்பு முழுக்க டி.என்.எஃப்.ஐ அடக்கிவிடும். முடிச்சும் குலைந்து, உள்ளே அடங்கிக் கிடந்த கிருமி விழித்துக்கொள்ளலாம்.

இது வெறும் ஊகம் இல்லை. இதே வகையைச் சேர்ந்த இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டுக்கொண்ட பிறகு காசநோய் வந்த 70 பேரின் விவரம் 2001-ல் வெளியானது. அவர்களில் 48 பேருக்கு மூன்று அல்லது அதற்கும் குறைவான ஊசிகளிலேயே நோய் வந்திருந்தது. இவ்வளவு சீக்கிரம் வந்ததென்றால், பலருக்குப் பழைய கிருமியே விழித்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், 40 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருந்தது. அதனால் ஊசி தொடங்கிய பின் இருமலுக்காக மட்டும் காத்திருக்காதீர்கள். மாலையில் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்தில் நெறிக்கட்டி, எது வந்தாலும் அடுத்த டோஸை நிறுத்திவைத்து டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம்.

டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் ஊசியே கூடாது என்று அர்த்தமில்லை. முதலில் நோய் இப்போது இல்லை என்று உறுதி செய்வார்கள். பிறகு தடுப்பு மாத்திரை: ஐசோநியாசிட் தினமும், எடைக்குக் கிலோவுக்கு 5 மி.கி., அதிகபட்சம் 300 மி.கி., 6 மாதம். அல்லது ஐசோநியாசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறை, 12 வாரம். பொதுவாக ஒரு மாதமாவது மாத்திரை உள்ளே போன பிறகே ஊசியைத் தொடங்குவார்கள். மெத்தோட்ரெக்சேட், ஐசோநியாசிட் இரண்டுமே கல்லீரலைப் பதம் பார்ப்பவை என்பதால் இடையிடையே கல்லீரல் டெஸ்ட் வேண்டும். மது அறவே கூடாது. ரிஃபாபென்டின் எடுத்தால் கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். ஸ்டீராய்டின் வீரியமும் குறையும். இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், நீங்களே கேளுங்கள்.

கேள்வி: டி.பி. கோல்ட் ரிசல்ட்டில் பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை, ‘இன்டிடெர்மினேட்’ என்று வந்திருக்கிறது. 5 மி.மீ. மான்டூ (கைத்தோலில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் டெஸ்ட்) போதாதா? (வாசகர், திருச்சி)

பதில்: நாலு குழாயில் குழாய்க்கு 1 மி.லி. ரத்தம் எடுத்தார்களே, அதில் ஊதா மூடிக் குழாய்தான் காரணமாக இருக்கும். பச்சை, மஞ்சள் மூடிகளில் காசநோய்க் கிருமியின் புரதத் துணுக்குகள் இருக்கும்; சாம்பல் மூடியில் ஒன்றும் இருக்காது; ஊதாவில் எந்த டி-செல்லையும் உசுப்பிவிடும் மைட்டோஜென். 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு காமா இன்டர்ஃபெரான் சுரந்தது என்று அளப்பார்கள். கிருமிக் குழாயில் சாம்பலைவிட 0.35 யூனிட்டாவது கூடுதலாக இருந்தால் பாசிட்டிவ். ஊதாவிலேயே சுரக்கவில்லை என்றால், செல்கள் எதற்கும் அசையவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ‘நெகட்டிவ்’ என்று சொல்ல முடியாது.

ஸ்டீராய்டு அதிகம் எடுப்பவர்களுக்கு இப்படி வரும். பாதி நேரம் தவறு ரத்தம் எடுத்த இடத்தில்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். குழாயின் உள்சுவரில்தான் மருந்து பூசியிருக்கிறது. 10 முறை நன்றாகக் குலுக்கி, சுவர் முழுக்க ரத்தம் படவேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. எடுத்த 16 மணி நேரத்துக்குள் இன்குபேட்டருக்குப் போயாகவேண்டும். அடுத்த முறை மாதிரியை வெளியூருக்கு அனுப்பாத லேபில் கொடுங்கள்.

மான்டூவும் செய்யலாம். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு 5 மி.மீ. இருந்தாலே பாசிட்டிவ்தான். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளக்கவேண்டும். சிவப்பைப் பார்க்கக் கூடாது, விரலில் தட்டுப்படும் தடிப்பை மட்டும் கையின் குறுக்குவாட்டில் அளக்கவேண்டும்.

கேள்வி: அம்மா மூட்டுவலிக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொள்கிறார். காலில் சீழ் பிடித்து வீங்கியிருந்தும் சி.ஆர்.பி. (தொற்றோ அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) நார்மல். லேப் தப்பா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: லேப் சரி. சி.ஆர்.பி.யைத் தயாரிப்பது கல்லீரல். தயாரிக்கச் சொல்லும் உத்தரவு இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைன். டோசிலிசுமாப் அந்த உத்தரவு போய்ச் சேரும் ஏற்பியையே அடைத்துவிடுகிறது. காய்ச்சலும் பேருக்குத்தான் இருக்கும். ஆகவே உங்கள் அம்மாவுக்கு சி.ஆர்.பி.யை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. காலைப் பார்த்தும், ரத்தக் கல்ச்சர் எடுத்தும்தான் சிகிச்சை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேஷுவால்டியில் முதல் வார்த்தையாக இந்த ஊசியின் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: செப்சிஸில் (தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு கட்டுமீறிப் போகும் நிலை) சைட்டோகைன்கள்தான் உறுப்புகளைக் கெடுக்கின்றன என்றால், அவற்றை அடக்கினால் பிழைக்கலாமே? (மாணவி, மதுரை)

பதில்: செய்து பார்த்து, கையைச் சுட்டுக்கொண்ட யோசனை இது. செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிந்த ‘செப்டிக் ஷாக்’ நிலையில் இருந்த 141 பேரிடம், டி.என்.எஃப்.ஐ அடக்கும் எட்டனெர்செப்ட் மருந்தைச் சோதித்த முடிவு 1996-ல் வந்தது. மருந்தில்லாத பிரிவில் இறந்தவர்கள் 30 சதவீதம். அதிக டோஸ் பிரிவில் 53 சதவீதம். கிருமியைத் தீர்க்கவும் டி.என்.எஃப். தேவை என்பது ஒன்று. நேரம் இன்னொன்று: தன்னார்வலர்களுக்குப் பாக்டீரியாவின் எண்டோடாக்ஸின் என்ற நச்சைச் செலுத்தினால், டி.என்.எஃப். ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டுச் சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. நோயாளி ஐ.சி.யூ.வுக்கு வரும்போது அந்த அலை பெரும்பாலும் கடந்திருக்கும்.

கேள்வி: கர்ப்பமாக இருந்தபோது கடைசி மாதங்கள் வரை இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டேன். குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடலாமா? (வாசகி, கோவை)

பதில்: இப்போது வேண்டாம். கடைசி மூன்று மாதங்களில் இந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகத் தாராளமாகப் போய், பிறந்த பிறகும் மாதக்கணக்கில் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். பி.சி.ஜி. உயிருள்ள கிருமி, டி.என்.எஃப். இல்லாத உடம்பில் அது பரவி உயிரையே பறித்த நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. குறைந்தது 6 மாதம் தள்ளவேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் என்றால் ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்பவர்களும் உண்டு. நம் ஊரில் பிறந்த உடனே, பல நேரம் கேட்காமலே போட்டுவிடுவார்கள். பிரசவத்துக்கு முன்பே கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லி, குழந்தைகள் டாக்டரிடமும் நேரில் சொல்லிவையுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றால், அக்குளில் நெறிக்கட்டி, விடாத காய்ச்சல், எடை ஏறாமை இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கொண்டுபோங்கள். உயிரற்ற தடுப்பூசிகளை வழக்கமான தேதியிலேயே போடலாம்.