ஆறாம் வகுப்பும் அடகுச் சீட்டும்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கணவர் பிக்கப் ஓட்டுகிறார், நான் டவுனில் ஒரு கடையில் கேஷியர். எல்லாம் சேர்த்து மாதம் 29,000 வருகிறது, செலவு போக 5,500 மிஞ்சும். மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கப் போகிறாள். நன்றாகப் படிப்பாள். படிப்பில் ரொம்பக் கறார் என்று பெயர் வாங்கிய ஒரு தனியார் பள்ளியின் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். அங்கே ஆறாவதிலிருந்தே நீட் ஃபவுண்டேஷன், சனிக்கிழமையும் வகுப்பு. கட்டணம், வேன், சீருடை, புத்தகம் எல்லாம் வருடத்துக்கு 1,85,000. என்னுடைய 12 பவுன் வங்கியில் அடகில் இருக்கிறது. தங்கம் ஏறியிருப்பதால் அதன் மேலேயே இன்னும் வாங்கிக் கட்டலாம் என்கிறார் கணவர். நாத்தனார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மாதம் 2,500-க்குக் கல்விப் பாலிசி போட்டால் கவலையில்லை என்கிறார். இந்த வாய்ப்பை விட்டால் பிள்ளை பின்னாளில் எங்களைக் குறை சொல்வாளோ என்று தூக்கமே இல்லை. சேர்க்கலாமா?

பதில்: சகோதரி, பள்ளியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நகைக்கடனைப் பற்றிக் கடைசிப் பக்கத்தின் பின்புறம் ஐந்தே வரி. நான் அந்த ஐந்து வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். 2021 ஜூனில் கூரை மாற்ற 1.5 லட்சம். 2022-ல் 2 லட்சம், 2023-ல் 2.6, 2024-ல் 3.3, 2025-ல் 4.2. நகை அதே 12 பவுன். ஒவ்வொரு ஜூனிலும் திருப்பி வைத்து, வட்டியை அதிலேயே கழித்துக்கொண்டு, மீதியைக் கையில் வாங்கியிருக்கிறீர்கள்.

9 சதவீத வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வருட வட்டி 13,500, அடுத்து 18,000, பிறகு 23,400, போன வருடம் 29,700. கூட்டினால் சுமார் 85,000. கடன் ஏறியது 2.7 லட்சம். ஆக, டயருக்கும் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசச் சீருக்கும் உங்கள் கைக்கு வந்தது 1.85 லட்சம்தான், மீதி வட்டிக்கே போயிற்று. நான்கு வருடத்தில் வட்டி என்று உங்கள் சம்பாத்தியத்திலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடன் வலிக்கவே இல்லை.

பவுன் 2021-ல் 36,000 அளவில் இருந்தது, 2025 ஏப்ரலில் 70,000-த்தைத் தாண்டியது. அந்த ஏற்றத்தை வங்கி வருடாவருடம் கடனாகக் கொடுத்தது, நீங்கள் அதை வருமானமாக எடுத்துக்கொண்டீர்கள். இப்போது அதே வழக்கத்தின் மேல் ஏழு வருடப் பள்ளிக்கூடத்தைத் தூக்கி வைக்கப் பார்க்கிறீர்கள்.

கட்டணம் வருடம் 10 சதவீதம் ஏறும் என்று வைத்தால், 12-ஆம் வகுப்பு வரை மொத்தம் பதினேழரை லட்சம். மிஞ்சும் 5,500-ல் மாதம் 5,000 கடனுக்குப் போட்டாலும், வரும் ஜூனில் கடன் 5.8 லட்சம், அடுத்த ஜூனில் 7.8, அதற்கடுத்து, பிள்ளை எட்டாவது நுழையும்போது 10 லட்சம். அப்புறமும் நான்கு வருடக் கட்டணம் பாக்கி. தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பார் வீட்டுக்காரர். 2013-ல் ஒரே வருடத்தில் உலகச் சந்தையில் தங்கம் டாலர் கணக்கில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அப்படி ஒரு வருடம் ஜூனுக்கு முன்னால் வந்தால் மேல்தொகை கிடைக்காது. இருப்பதற்கே கூடுதல் நகை வை என்பார்கள். ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி 2026 ஏப்ரலிலிருந்து 5 லட்சத்துக்கு மேற்பட்ட நகைக்கடனுக்கு மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சம், வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிப்பு.

தேயிலையை மறந்துவிட்டீர்கள். உங்கள் கணக்கில் வருடம் 6,000 கிலோ பசுந்தேயிலை. கூலி, உரம் போக நிற்பது 60,000. விலை கிலோவுக்கு 5 ரூபாய் இறங்கினால் 30,000 காலி, பாதி வருமானம் போச்சு. குன்னூர் ஏலத்தில் தூள் விலை விழுந்தால் இலைக்கு யார் ஈடு கட்டுவார்கள்? பள்ளிக் கட்டணம் எந்த வருடமும் இறங்காது.

சரி, பள்ளி அந்த விலைக்குத் தகுமா? படிக்கிற பிள்ளைக்குக் கறாரான பள்ளி நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 11, 12-ல் அதற்கு இருக்கும் மதிப்பு ஆறாவதில் கிடையாது. ஆறாம் வகுப்புக்கு நீட் ஃபவுண்டேஷன் என்பது பெயர் மாற்றிய டியூஷன். பத்து வயதுப் பிள்ளைக்குப் பின்னமும் தசமமும் ஆங்கில வாசிப்பும் உறுதியானால் போதும்.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் அரசுடையது. நீட் எழுதித்தான் ஆகவேண்டும், ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும். கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வேறு. ஆறாவதிலேயே தனியாருக்கு மாற்றினால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். நீட்டுக்காகப் பதினேழரை லட்சம் செலவழித்து, நீட்டில் அவளுக்கு இருக்கும் சலுகையைத் தொலைப்பது எனக்குப் புரியவில்லை. விதி நாளை மாறலாம். அதற்காக இன்றே தூக்கிப் போடுவார்களா?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் போடச் சொல்லவில்லை. ஒரு வேலைநாளில் நேரில் போங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, போன வருடம் பத்தாவது எழுதிய பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் பஸ் பாஸில் போகிற தூரத்தில் இன்னொரு அரசுப் பள்ளியைப் பாருங்கள். (இன்னொன்று, பணக் கணக்கில் சேராதது. சிறப்பு வகுப்பு முடிந்து ஆறரைக்கு வேன் இறக்கிவிடும் என்கிறீர்கள். டிசம்பர் இருட்டில் தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் நிற்கிற ஊர் உங்களுடையது.)

இனி நகை. இதைப் படித்தால் கோபம் வரும், வரட்டும். 12 பவுனில் 4 பவுனை விற்றுவிடுங்கள். தாய் வீட்டு நகை என்று எழுதியிருக்கிறீர்கள், தெரியும். ஆனால் ஐந்து வருடமாக அது உங்கள் கழுத்தில் இல்லை. பவுனுக்கு 70,000 என்று குறைத்தே போடுகிறேன், 2.8 லட்சம். ஜூன் வட்டி 37,800-ஐக் கட்டிவிட்டு மீதியை அசலில் போட்டால் கடன் 1.78 லட்சத்துக்கு இறங்கும். மாதாமாதம் 5,500 கட்டினால் மூன்று வருடமும் ஒரு மாதமும். மகள் ஒன்பதாவது காலாண்டுத் தேர்வு எழுதுவதற்கு முன் 8 பவுன் வீட்டில் இருக்கும். அதன் பிறகு அதே 5,500-ஐ அஞ்சலகத்தில் போட்டு வாருங்கள். 11-ஆம் வகுப்பில் பயிற்சி தேவைப்பட்டால் கையில் ஒரு லட்சத்துக்கு மேல் ரொக்கம் நிற்கும். எல்லா நகையும் ஒரே சீட்டில் இருந்தால் இரண்டு சீட்டாகப் பிரித்துத் தரும்படி மேனேஜரைக் கேளுங்கள், ஒரு பகுதியை மீட்க அது வசதி. மேல்தொகை வேண்டுமா என்று கவுண்டரில் அவர்களாகவே கேட்பார்கள். அங்கே உங்கள் வீட்டுக்காரர் பேசாமல் நீங்களே பேசுவது நல்லது.

நாத்தனார் சொல்லும் பாலிசி வேண்டாம். 9 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு அதைவிடக் குறைவாகத் தருகிற எதிலும் மாதம் 2,500 முடக்கக் கூடாது. மகள் பெயரில் ஏற்கெனவே போட்டுவரும் செல்வமகள் கணக்கை மட்டும் விடாதீர்கள். பத்து வயது தாண்டியபின் புதிதாகத் தொடங்க முடியாது. கை நெருக்கடியான வருடத்தில் 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். பாலிசி எடுக்காததற்கு நாத்தனார் கோபித்துக்கொண்டால், அடுத்த சீருக்கு அழைப்பு வராமல் போகலாம். அதிலும் கொஞ்சம் மிச்சம்.