டெல்டாக் களிமண்ணுக்கு முன்பக்கம் முழு ஆக்ஸில் உள்ள வண்டி நல்லதா, இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் உள்ள வண்டி நல்லதா?

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பத்து ஏக்கர் நிலம் இருப்பதாகவும், உரமும் விதையும் ஆட்களுமாகத் தார்ச்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மண்பாதையில் உள்ளே போய்வர ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். முன்னும் பின்னும் முழு ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும் கொண்ட பழைய ஜீப்பைப் பதினோரு ஆண்டுகள் ஓட்டினேன். அதன் பிறகு இன்றுவரை முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை இதே மண்ணில் ஓட்டி வருகிறேன். உங்கள் தேவைக்கு இரண்டாவது வகையே பொருந்தும் என்பது என் முடிவு. ஆனால் அதற்குரிய காரணம், இணையத்தில் பலரும் சொல்லும் சொகுசுக் காரணம் அன்று.

முழு ஆக்ஸில் என்பது இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்புக் குழலில் கோத்திருப்பது. சக்கரங்களுக்கு விசையைத் திருப்பிவிடும் பல்சக்கரங்கள் (கிரௌன் பினியன்) அமர்ந்திருக்கும் உருண்டையான கூடு, அதாவது ஹவுசிங், அந்தக் குழலோடு சேர்ந்தே இருப்பதால், பாரம் ஏற்றினாலும் பள்ளத்தில் விழுந்தாலும் தரைக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள உயரம் மாறாது. பெரிய டயர் போட்டால்தான் அது உயரும். இன்டிபென்டன்ட் வகையில் ஹவுசிங் மேலே சேஸிஸோடு பொருந்தியிருக்கும். அதிலிருந்து இருபுறமும் ஜாயிண்ட் வைத்த தண்டுகள் சக்கரங்களுக்குப் போகும், ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் ஏறி இறங்கும். வண்டி சமமாக நிற்கும்போது முன்பக்கத்தின் நடுவில் இடைவெளி தாராளமாக இருக்கும். ஸ்பிரிங் அழுந்த அழுந்த அந்த இடைவெளி குறையும்.

இனி நம் பாதைக்கு வருகிறேன். பழைய டெல்டாவில் பாறை கிடையாது. முழு ஆக்ஸிலைப் போற்றிச் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி பாறை ஏறும் ஊர்களில் பிறந்த பேச்சு. அங்கே அது முற்றிலும் சரி. நமக்கு இருப்பது வேறு தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வண்டிப்பாதையில் சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரத்தை (கேஜ் வீல்) கழற்றிய டிராக்டர்களும் டிரெய்லர்களும் போய்ப்போய், இருபுறமும் ஆழமான தடம் விழுந்து, நடுவில் மண் முதுகுபோல் எழும்பி நிற்கும். தை மாத அறுவடையில் நெல் ஏற்றிய வண்டிகள் அந்தத் தடத்தை இன்னும் ஆழமாக்கும். அப்படிப்பட்ட பாதையில் என் ஜீப்பின் முன் ஹவுசிங் ஏர்க்கொழுபோல அந்த முதுகை உழுதுகொண்டே போகும். கொஞ்ச தூரத்தில் களிமண் அதன் முன்னால் குவிந்து, நான்கு சக்கரமும் சுழன்றும் வண்டி நகராமல் நின்றுவிடும். மண்வெட்டியோடு கீழே படுத்துக் குவிந்த மண்ணை வெட்டி எடுத்த மாலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

இப்போதைய வண்டியில் முன்பக்கம் அந்த முதுகின்மேல் தொடாமல் கடந்துவிடுகிறது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: நம் கைக்கு எட்டும் விலையில் உள்ள இத்தகைய வண்டிகளில் பின்பக்கம் முழு ஆக்ஸில்தான், ஆகவே பின் ஹவுசிங் இடிக்கத்தான் செய்யும். ஆயினும் முன்சக்கரங்கள் தடையின்றித் தரையைப் பிடித்திருக்கும்போதே பின்னால் உரசும் சத்தம் கேட்டுவிடுவதால், லோ கியரில் பின்னோக்கி எடுத்துத் தடத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. முன் ஹவுசிங்கே புதைந்துவிட்டால் அந்த வழி இல்லை.

முழு ஆக்ஸில் கைகொடுத்த நாளும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த மறுநாள், உறவினர்களைப் பார்க்கப் பேராவூரணிப் பக்கம் போனேன். வழியெங்கும் தென்னை மரங்கள் குறுக்கே கிடந்தன. அடிமரத்தின்மேல் ஜீப்பைச் சாய்வாக ஏற்றினால், ஒரு முன்சக்கரம் மேலே ஏறும்போது ஆக்ஸில் தராசுக்கோல்போல் சாய்ந்து மறுசக்கரத்தைத் தரையில் அழுத்தியது. நான்கு சக்கரமும் பிடிப்பை விடவில்லை. வாய்க்கால் கரையைக் கோணலாகக் கடக்கும்போதும் இதே நன்மைதான். இன்டிபென்டன்ட் வண்டியில் அந்த இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு வீணாகச் சுழலும். சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மறுசக்கரத்துக்கு இழுவையைத் தரும் ஏற்பாடோ, இரு சக்கரங்களையும் சேர்த்தே சுழலவைக்கும் டிஃப்ரன்ஷியல் லாக்கோ இருந்தால் சமாளிக்கலாம். இல்லாத மாடலை வாங்காதீர்கள்.

நான் எதிர்பாராத செலவு வைக்கோலால் வந்தது. தாளடி அறுவடை முடிந்த வயலுக்குள் வண்டியை இறக்கியிருந்தேன். அறுவடை மிஷின் உதிர்த்துப்போட்ட வைக்கோல் சுழலும் தண்டில் கயிறுபோல் முறுக்கிச் சுற்றி, ஜாயிண்டை மூடியிருக்கும் துருத்தி போன்ற, ‘பூட்’ எனப்படும் ரப்பர் உறையை மடிப்போரத்தில் அறுத்துவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துக் கும்பகோணத்தில் ஒரு சந்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பியபோது ‘டக், டக்’ என்று சீரான சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் ரிம்மின் உட்பக்கம் முழுவதும் கறுப்புக் கிரீஸ் விசிறியடித்தாற்போல் தெறித்திருந்தது. உள்ளே போன களிமண், மிச்சமிருந்த கிரீஸோடு கலந்து, உரசும் பசையாகி, ஜாயிண்டுக்குள் இருந்த குண்டுகள் ஓடும் பள்ளங்களைத் தின்றிருந்தது. பூட் கிழிந்த அன்றே பார்த்திருந்தால் பூட்டும் புதுக் கிரீஸும் மாற்றியதோடு போயிருக்கும். தண்டையே மாற்ற நேர்ந்தது. அன்றிலிருந்து வயலை விட்டு ஏறியதும் வண்டியை நிறுத்தி, இரு தண்டுகளிலும் சுற்றிய வைக்கோலை அரிவாள் நுனியால் அறுத்தெடுத்து, பூட்டின் மடிப்புகளை விரலால் தடவிப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. என் பழைய ஜீப்பில் அந்த ஜாயிண்ட் இரும்புக் கூண்டுக்குள் எண்ணெய் சீலோடு அடைபட்டிருந்ததால், வைக்கோல் அதை நெருங்கவே முடியாது. அதற்குப் பதிலாக, முன்சக்கரம் திரும்பும் அச்சில் உள்ள கிங் பின் பேரிங் தேய்ந்து, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடத் தொடங்கும்.

வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாருதியின் ஜிப்சி 1985-இல் வந்தபோதும், 2023-இல் இங்கே அதன் ஜிம்னி வந்தபோதும் முன்பக்கம் முழு ஆக்ஸில்தான். ஜிம்னியில் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ், 2020-இல் வந்த மஹிந்திரா தார், 2021-இல் வந்த ஃபோர்ஸ் கூர்க்கா ஆகிய நான்கிலும் முன்பக்கம் இன்டிபென்டன்ட். ஜிம்னியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர், தாரின் இடைவெளி 226 மில்லிமீட்டர். ஒரு சாண் ஏறக்குறைய 229 மில்லிமீட்டர் என்பதால், தடத்தின் ஆழத்தைக் கையாலேயே அளந்துவிடலாம். ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1,200 கிலோதான்; உளைச் சேற்றில் எடை குறைந்த வண்டி மேலாகவே மிதந்து போகும் என்பதால், ஹவுசிங் இடிக்கும் குறையை அது ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. பாரம் குறைவாகவும் தடம் ஆழமில்லாமலும் இருந்தால் நான் அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

நிலம் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு போன்ற புது டெல்டாப் பகுதியில் இருந்திருந்தால், அங்குள்ள செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் தண்ணீரைச் சீக்கிரம் இழுத்துக்கொள்வதால், இந்தக் கேள்விக்கே இவ்வளவு முக்கியத்துவம் இருந்திருக்காது. உங்களுடையது தண்ணீரை விடாத கனத்த களி. கம்பெனி போட்டுத் தரும் தார்ச்சாலை டயரின் பள்ளங்களில் அது அப்பிக்கொண்டு, பத்தே சுற்றில் டயரை வழவழப்பான உருளையாக்கிவிடும். ஆகவே எந்த வண்டியை எடுத்தாலும், இடைவெளி அகன்ற கட்டைகள் கொண்ட மண் டயருக்கு முதலிலேயே பணம் ஒதுக்கிவிடுங்கள். ஆக்ஸிலைப் பற்றிய விவாதத்தைவிட இந்தச் செலவு உங்களை அதிக நாள் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த சம்பா அறுவடையில், டிரெய்லர்கள் ஓடிக்கொண்டிருக்கும் நாளில், உங்கள் இரண்டு கிலோமீட்டரையும் நடந்து, பத்துப் பன்னிரண்டு இடத்தில் தடத்தின் அடியிலிருந்து நடுமுதுகின் உச்சிவரை அளந்து பாருங்கள். முக்கால் சாணுக்குள் இருந்தால் ஜிம்னி போதும். ஒரு சாணை நெருங்கினால் முன்பக்கம் இன்டிபென்டன்ட் உள்ள வண்டியை எடுத்து, தண்டுகளின் ரப்பர் பூட்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சாணைத் தாண்டினால் எந்த வண்டியும் போகாது. பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசி, கோடையில் அந்த முதுகை ஒருமுறை வெட்டிச் சமப்படுத்திவிட்டுப் பிறகு வண்டி பாருங்கள்.