மொபைல் ஹோம் வாசிகளுக்கான சட்ட உதவிக் குழுவுக்குத் தலைமை தாங்குவது எப்படிப்பட்ட வேலை?

கேட்டவர் கலிபோர்னியாவில் சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பதாக எழுதியிருக்கிறார். குழுத் தலைமை என்றால் நீதிமன்றத்தை விட்டு மேஜையோடு முடங்கிவிட வேண்டியிருக்குமோ என்பது அவருடைய தயக்கம். அந்த மாநிலத்தின் சென்ட்ரல் வேலிப் பகுதியில் இப்படியொரு குழுவை ஏழு ஆண்டுகளாக நடத்துகிறேன். மூன்று வழக்கறிஞர்கள், இரண்டு சட்ட உதவியாளர்கள், தொலைபேசியைக் கவனிக்கும் ஒரு பெண்மணி, நான். நீதிமன்றம் போவது குறைந்துவிட்டது உண்மைதான். அதற்காக நான் வருந்தவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் கும்பகோணத்தில் வளர்ந்தவன். கோயில் அடிமனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சுவரும் கூரையும் அவர்களுடையவை, மண் கோயிலுடையது, அதற்கு வாடகை கட்ட வேண்டும். மொபைல் ஹோம் என்பது தொழிற்சாலையில் செய்து, இழுத்துவந்து மனையில் வைக்கும் வீடு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு மனைகளை வாடகைக்கு விடும் இடத்துக்குப் பார்க் என்று பெயர். அங்கேயும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். கோயிலுக்குப் பதிலாக ஒரு தனி முதலாளியோ முதலீட்டு நிறுவனமோ இருக்கும். நம் ஊரில் 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், அடுத்தவர் மனையில் வீடு கட்டியவருக்கு அந்த மனையை விலைக்குக் கேட்டு நீதிமன்றம் போகும் உரிமையைக் கொடுத்தது. கலிபோர்னியாவில் பார்க்கில் குடியிருப்பவருக்கு அப்படியொரு உரிமை இல்லை.

பெயரில் 'மொபைல்' இருப்பதால், பிடிக்காவிட்டால் வீட்டை இழுத்துக்கொண்டு போய்விடலாமே என்று பலர் கேட்கிறார்கள். எஸ்கோண்டிடோ நகரத்தின் வாடகைக் கட்டுப்பாட்டை எதிர்த்துப் பார்க் உரிமையாளர்களான யீ தம்பதியர் தொடுத்த வழக்கில், 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. நூறு வீடுகளில் ஏறத்தாழ ஒன்றுதான் வைத்த இடத்தை விட்டு எப்போதாவது நகர்கிறது. நகர்த்தும் செலவே வீட்டு விலையில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். வீடு பழையதாக இருந்தால் வேறு பார்க்கில் இடம் கிடைப்பதும் அரிது. ஆகவே மனையை இழந்தவர் பெரும்பாலும் வீட்டையும் இழக்கிறார். பண்ணைகளில் பழம் பறித்தும் பெட்டிகளில் அடுக்கியும் முப்பது ஆண்டு சேர்த்த பணம் அதோடு போய்விடுகிறது.

இதனால்தான் 1978 முதல் இவர்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. பார்க்கை விட்டு ஒருவரை வெளியேற்றச் சட்டம் ஏழு காரணங்களை மட்டுமே ஏற்கிறது. மனை வாடகையை உயர்த்த 90 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடகை பாக்கி என்றால், கெடு கடந்து குறைந்தது 5 நாள் ஆன பிறகே 3 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம். அந்த 3 நாளுக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் விவகாரம் அங்கேயே முடிந்தது. கட்டாவிட்டாலும் 60 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் யாரையும் வெளியே தள்ள முடியாது.

படித்தால் நல்ல சட்டம். ஆனால் நோட்டீசைக் கண்டதும் மக்கள் தாங்களாகவே கிளம்பிவிடுகிறார்கள். நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது இதைத்தான்.

இரண்டாம் ஆண்டில் ஒரு மூதாட்டி எங்களை அழைத்தார். ஸ்பானிஷ் மட்டும் பேசுபவர், கணவரை இழந்தவர். பார்க் புதிய உரிமையாளரின் கைக்குப் போனதும் வாடகை ஏறியது, ஒரு மாதம் தவறிவிட்டார். 3 நாள் நோட்டீசும் 60 நாள் நோட்டீசும் ஒன்றாகப் பின் செய்யப்பட்டு அவர் கதவில் ஒட்டப்பட்டிருந்தன. அறுபதாம் நாள் போலீஸ் வந்துவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டார். வீட்டை எழுதிக் கொடுத்தால் பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகப் பார்க் மேலாளர் சொல்ல, கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்களிடம் பேசியபோது மகளின் கார் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ஒரு மாத வாடகைக்காக ஒரு வீடு.

பிறகு எங்கள் தொலைபேசிப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த மூன்று நாளுக்குள் அவர் இரண்டு முறை அழைத்திருக்கிறார். அப்போது எங்கள் இணைப்பு வாரத்தில் இரண்டு காலைகள் மட்டுமே திறந்திருந்தது. மற்ற நேரத்தில் ஒலித்த பதிவுச் செய்தி முதலில் ஆங்கிலத்தில் நீளமாகப் போகும், அதன் பிறகுதான் ஸ்பானிஷ். அந்த நேர அட்டவணையை வகுத்தவன் நான். வழக்கறிஞர்கள் வாதங்களை எழுத இடையூறில்லாத நேரம் வேண்டும் என்பது அப்போது என் கணக்கு. அந்தப் பதிவேட்டின் பக்கத்தைப் படியெடுத்து இன்றும் என் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து என் வேலையே மாறிவிட்டது. வேலை நாட்கள் அனைத்திலும் தொலைபேசியை மனிதர் எடுக்கிறார். முதல் கேள்வி பெயரோ வருமானமோ அல்ல: "தாளை உங்களிடம் எந்தத் தேதியில் கொடுத்தார்கள்? படம் எடுத்து அனுப்ப முடியுமா?" அடுத்த கேள்வி, "இந்த ஒரு வருடத்தில் இதற்கு முன் எத்தனை நோட்டீஸ் வந்தது?" பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை 3 நாள் நோட்டீஸ் வாங்கியவருக்கு அடுத்த முறை அந்த அவகாசம் கிடையாது. அதனால் ஒருவர் அவசரத்தில் இருக்கிறாரா என்பது இந்த இரண்டு பதில்களிலேயே தெரிந்துவிடும். "எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், எங்கேயும் போகாதீர்கள்" என்று அந்த முதல் அழைப்பிலேயே அவர்கள் மொழியில் சொல்லிவிடுகிறோம்.

மாதம் இரண்டு மாலை பார்க்குகளுக்கே போகிறோம். குடியிருப்பவர்கள் பொது மண்டபத்தில் கூட்டம் போட்டுக்கொள்ளச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. ஆனாலும் மேலாளரின் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் அந்த மண்டபத்துக்கு வரப் பலர் அஞ்சுகிறார்கள். துணி துவைக்கும் இயந்திரங்கள் இருக்கும் அறைக்கு எல்லோரும் வருவார்கள். எங்கள் சட்ட உதவியாளர் ஒருவர் அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருவார்.

இன்னொன்றில் என் இளைய வழக்கறிஞர்கள் முதலில் என்னோடு ஒத்துப்போகவில்லை. உரிமைச் சான்றிதழைப் பெயர் மாற்றும் வேலையை எழுத்தர் வேலை என்று நினைத்தார்கள். பார்க்கில் நிற்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் நிலத்துக்கு உள்ளதுபோல் பத்திரம் கிடையாது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் போல ஒரு பதிவுதான், அதை மாநில வீட்டுவசதித் துறை வைத்திருக்கிறது. இறந்த கணவர் பெயரிலோ மூன்று கை மாறியும் பழைய உரிமையாளர் பெயரிலோ அது கிடந்தால், சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்கும்போது காலடி ஆடும். கணவர் இறந்து 40 நாள் கழிந்தால் வாரிசுரிமை வழக்கு இல்லாமலே ஒரு படிவத்தில் பெயரை மாற்றிக்கொள்ள முடியும். அந்த மூதாட்டியின் வீடு கணவர் பெயரில்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு வழக்கறிஞரும் மாதத்தில் ஒரு நாள் இந்தப் படிவங்களோடு உட்கார வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமை தாங்குபவரின் நாளில் பாதியை அது எடுத்துக்கொள்ளும். 1974இல் உருவான கூட்டாட்சிச் சட்ட உதவிக் கழகத்தின் நிதியில் இயங்கும் அமைப்பு, பொதுவாக ஏழ்மை வரம்பின் 125 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர்களுக்குத்தான் உதவலாம். 1996 முதல் பலருக்காகச் சேர்த்துத் தொடுக்கும் குழு வழக்கு கூடாது என்ற தடையும் இருக்கிறது. ஒரே பார்க்கில் நாற்பது பேருக்கு ஒரே தவறு நடந்திருந்தாலும் நாற்பது கோப்பு திறக்க வேண்டும். இது எனக்கு ஆறாத வருத்தம். 60 வயது கடந்தவர்களுக்கு, முதியோர் சட்டத்தின் கீழ் வரும் நிதியில், வருமானத்தைக் கேட்காமலே உதவலாம். 2020 ஜூலையில் தொடங்கிய மாநிலத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 டாலர் வசூலித்து, வீட்டு உரிமையாளர்களின் புகார்களில் கடுமையானவற்றைச் சட்ட உதவி அமைப்புகளுக்கு அனுப்புகிறார்கள். எந்த மனிதரை எந்தக் கதவு வழியாக உள்ளே அழைத்துவருவது என்பதை நான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமே வருமான வரம்பைச் சற்றுத் தாண்டிவிடும் ஒரு முதியவரைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

வாதாடவே வாய்ப்பிருக்காதா என்றால், இருக்கும். 2025 ஜனவரி முதல் வெளியேற்ற வழக்குக்குப் பதில் தாக்கல் செய்ய 10 நீதிமன்ற நாட்கள் கிடைக்கின்றன. முன்பு ஐந்துதான். அந்தக் கூடுதல் ஐந்து நாளில் ஆதாரம் திரட்டி நல்ல வழக்குகளை நடத்துகிறோம். விசாரணைக்கு என் இளையவர்கள் நிற்கிறார்கள், நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

இத்தகைய வேலைக்கு விண்ணப்பித்தால், நேர்முகத் தேர்வில் எத்தனை வழக்கு ஜெயித்தீர்கள் என்று அவர்களைக் கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஒரு மூதாட்டி 3 நாள் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பானிஷில் அழைத்தால், அந்தத் தொலைபேசியை யார் எடுப்பார் என்று கேளுங்கள்.